ஜிசிஎஸ்இ உயிரியல்: ட்ரிபிளா கம்பைண்டா, ஹயரா ஃபவுண்டேஷனா? இங்கிலாந்துத் தமிழ்ப் பெற்றோருக்கு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் உயிரியலுக்கு ஒரே வினாத்தாள் கிடையாது. ஒரே வகுப்பில் அருகருகே உட்காரும் இரண்டு பிள்ளைகள் வேறு வேறு தாள்களை எழுதலாம். வேறு வேறு அளவு பாடம் படித்திருக்கலாம். ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த கிரேடு 9 ஆகவும் மற்றவருடையது 5 ஆகவும் இருக்கலாம். இதைத் தீர்மானிப்பவை இரண்டு முடிவுகள். முதலாவது, தனி உயிரியலா (மூன்று சயின்ஸையும் தனித்தனிப் பாடமாக எழுதுவது, பள்ளியில் ட்ரிபிள் சயின்ஸ் என்பார்கள்) கம்பைண்ட் சயின்ஸா (மூன்றையும் சேர்த்து எழுதுவது) என்பது. பல பள்ளிகளில் இது இயர் 9 ஆப்ஷன்ஸ், அதாவது விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் வரும். இரண்டாவது, ஹயர் டியரா (கடினமான தாள்) ஃபவுண்டேஷன் டியரா (எளிய தாள்) என்பது. இது இயர் 11-இல் மாக் தேர்வுக்குப் (பள்ளி வைக்கும் மாதிரித் தேர்வு) பிறகு உறுதியாகும்.

நம் குடும்பங்களில் இந்த இரண்டுமே பெரும்பாலும் மானப் பிரச்சினையாகிவிடுகின்றன. 'ட்ரிபிள் எடுத்தால் கெட்டிக்காரன், ஃபவுண்டேஷன் என்றால் தோல்வி' என்று ஊர்ச் சபையில் பேசுவதைப் போலப் பேசி முடித்துவிடுகிறோம். பேரண்ட்ஸ் ஈவினிங்கில் ஆசிரியர் தரும் ஐந்து நிமிடத்தில் தலையாட்டிவிட்டு வந்து, ஆகஸ்டில் ரிசல்ட் வரும்போது 'இது எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே' என்று தவிக்கும் பெற்றோரை நான் அடிக்கடி பார்க்கிறேன். நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: பதினாறுக்குப் பிறகு பிள்ளை என்ன படிக்கப் போகிறது என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள், பிள்ளை எழுதித் திருத்தப்பட்ட தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். பெயரை வைத்து எடுக்காதீர்கள்.

இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் நேஷனல் 5 என்ற வேறு முறை இருக்கிறது. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் தேர்வு வாரியங்களும் விதிகளும் வேறு.

படி 1: எந்த வாரியம் என்று முதலில் கண்டுபிடியுங்கள்

ஏக்யூஏ, பியர்சன் எடெக்செல், ஓசிஆர் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் இங்கிலாந்துப் பள்ளிகளில் பெரும்பாலானவை எடுக்கின்றன. பள்ளி இணையதளத்தில் சயின்ஸ் பகுதியில் இருக்கும். இல்லாவிட்டால் சயின்ஸ் துறைக்கு ஒரு வரி மின்னஞ்சல் போதும்.

வாரியம் தெரியாமல் கடையில் ரிவிஷன் புத்தகம் வாங்குவது வீண் செலவு. ஏக்யூஏ என்று தெரிந்த பிறகும் இன்னொரு கேள்வி உண்டு. தனி உயிரியலின் எண் 8461. கம்பைண்டில் ட்ரிலஜி 8464, சினர்ஜி 8465 என்று இரண்டு இருக்கின்றன. ட்ரிலஜியில் உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று ஆறு தாள்கள் தனித்தனியாக வரும். சினர்ஜியில் நான்கு தாள்கள்தான், மூன்று பாடமும் கலந்து வரும். பள்ளி சினர்ஜி நடத்தும்போது வீட்டில் ட்ரிலஜி தாள்களைப் போட்டுப் பழகினால் பிள்ளை குழம்பிப்போகும்.

கீழே உள்ள எண்கள் ஏக்யூஏ-வை வைத்துத் தருபவை. மற்ற வாரியங்களில் நேரமும் மதிப்பெண்ணும் கொஞ்சம் மாறும், முடிவெடுக்கும் முறை மாறாது. சில தனியார் பள்ளிகள் எடுக்கும் எடெக்செல் இன்டர்நேஷனல் ஜிசிஎஸ்இ உயிரியலில் டியரே கிடையாது. உங்கள் பிள்ளை அதை எழுதுகிறது என்றால் டியர் பற்றிய பகுதி உங்களுக்குத் தேவையில்லை.

படி 2: ட்ரிபிளுக்கும் கம்பைண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்

தனி உயிரியலில் இரண்டு தாள்கள். ஒவ்வொன்றும் 1 மணி 45 நிமிடம், 100 மதிப்பெண். முதல் தாளில் செல் உயிரியல், உடல் அமைப்புகள், நோய்த்தொற்றும் எதிர்வினையும், உயிர் ஆற்றல் என்ற நான்கு பகுதிகள். இரண்டாம் தாளில் உடல் சமநிலை, மரபும் பரிணாமமும், சூழலியல் என்ற மூன்று. முடிவில் 9 முதல் 1 வரை உயிரியலுக்கென்று ஒரு கிரேடு. வேதியியலும் இயற்பியலும் இதே போலத் தனித்தனி. ஆக மூன்று ஜிசிஎஸ்இ.

ட்ரிலஜியில் ஆறு தாள்கள், ஒவ்வொன்றும் 1 மணி 15 நிமிடம், 70 மதிப்பெண். ஆறையும் கூட்டி 420-க்கு வரும் ஒரே மொத்தத்திலிருந்து 9-9, 9-8, 8-8 என்று இறங்கி 1-1 வரை போகும் இரட்டைக் கிரேடு கிடைக்கும். இது இரண்டு ஜிசிஎஸ்இ-க்குச் சமம்.

இங்கே பெற்றோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கம்பைண்டில் உயிரியலுக்கென்று தனிக் கிரேடு வராது. 6-5 என்று வந்தால் 6 உயிரியலுக்கு, 5 மற்றதற்கு என்று அர்த்தமில்லை. அது மொத்தத்தின் அளவு மட்டுமே. உயிரியலில் வெளுத்து வாங்கும் பிள்ளை இயற்பியலில் தடுமாறினால், உயிரியலில் சேர்த்த மதிப்பெண் இயற்பியலின் பள்ளத்தை நிரப்பப் போய்விடும். இயற்பியலை மட்டும் தனியாக எழுதியிருந்தால் தோற்றிருக்கும் பிள்ளையைக் கைதூக்கிவிடுவதும் இதே ஏற்பாடுதான். யாருக்கு இது நல்லது, யாருக்குக் கெடுதல் என்பது பிள்ளையின் மூன்று பாட மதிப்பெண்களும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது.

பாட அளவிலும் வித்தியாசம் உண்டு. தனி உயிரியலுக்கு மட்டும் உரியவை இவை: நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்ப்பது, தாவர நோய்கள், மூளை, கண், உடல் வெப்பக் கட்டுப்பாடு, சிறுநீரகமும் நீர்ச் சமநிலையும், தாவர ஹார்மோன்கள், டிஎன்ஏ-வின் அமைப்பு, குளோனிங், புதிய இனங்கள் தோன்றுவது, மெண்டலின் பட்டாணிச் செடி ஆய்வு முதல் மரபியல் வளர்ந்த வரலாறு, மட்குதல், உணவுச் சங்கிலியில் உயிர்த்திணிவு குறைந்துகொண்டே போவது, உணவு உற்பத்தி. கட்டாயச் செய்முறைகள் தனி உயிரியலில் 10, ட்ரிலஜியின் உயிரியல் பகுதியில் 7.

பட்டியலைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் இவற்றில் எதுவும் கம்பைண்டில் இருப்பதைவிடக் கடினமானதல்ல. அதிகமாக இருக்கிறது, அவ்வளவுதான். ட்ரிபிள் என்பது கூடுதல் அளவு, கூடுதல் கடினம் இல்லை. கடினத்தை முடிவு செய்வது டியர். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை வருகிறது. கம்பைண்ட் ஹயர் எழுதும் பிள்ளை 9-9 வாங்க முடியும். ட்ரிபிள் ஃபவுண்டேஷன் எழுதும் பிள்ளையால் 5-க்கு மேல் போக முடியாது.

படி 3: பதினாறுக்குப் பிறகு என்ன தேவை என்று எழுதி வையுங்கள்

பிள்ளையோடு உட்கார்ந்து, போக விரும்பும் இரண்டு மூன்று சிக்ஸ்த் ஃபார்ம்களின் (பதினாறு முதல் பதினெட்டு வயது வரை படிக்கும் இடம்) நுழைவுத் தகுதியைப் பாருங்கள். அங்கே படிக்கும் ஏ லெவல் உயிரியலுக்கு, ஜிசிஎஸ்இ உயிரியலில் 6 அல்லது 7 கேட்பார்கள். கம்பைண்ட் பிள்ளைகளுக்கு அதையே 6-6 அல்லது 7-7 என்று எழுதியிருப்பார்கள். பல இடங்களில் கணிதத்திலும் ஒரு 6 சேர்த்துக் கேட்பார்கள். 6 வேண்டும் என்றால் ஃபவுண்டேஷன் டியர் அந்தக் கதவை மூடிவிடுகிறது. இதற்கு மேல் விவாதமே தேவையில்லை.

மருத்துவம் கனவாக இருக்கும் வீடுகளில் 'ட்ரிபிள் இல்லாவிட்டால் டாக்டராக முடியாது' என்று ஒரு நம்பிக்கை ஊறிக் கிடக்கிறது. அது உண்மையல்ல. கம்பைண்ட் சயின்ஸை மருத்துவக் கல்லூரிகள் இரண்டு ஜிசிஎஸ்இ-யாக ஏற்கின்றன. அங்கே எடை போடப்படுவது ஏ லெவல் வேதியியலும் உயிரியலும், நுழைவுத் தேர்வும், நேர்காணலும், ஜிசிஎஸ்இ-யில் எத்தனை உயர்ந்த கிரேடுகள் என்பதும். எத்தனை கேட்கிறார்கள் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஒவ்வொன்றின் பக்கத்தையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும். மூன்று பாடத்திலும் 6, 6, 5 என்று இழுத்துக்கொண்டு வருவதைவிட, கம்பைண்டில் 8-8 வாங்கி மிச்ச நேரத்தில் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் உயர்த்திய பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம் என்றே சொல்வேன்.

அதேபோல ஃபவுண்டேஷனில் கிடைக்கும் 4-ஐயும் 5-ஐயும் இளப்பமாக எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் பிரைமரி ஆசிரியர் பயிற்சிக்குச் சேர ஆங்கிலம், கணிதம், சயின்ஸ் மூன்றிலும் 4 வேண்டும். நர்சிங் பட்டப்படிப்புகள் பலவும் சயின்ஸில் 4 கேட்கின்றன. சான்றிதழில் எந்த டியரில் எழுதியது என்று பார்த்து யாரும் அந்த 4-ஐக் குறைத்து மதிப்பிடுவதில்லை. 4 என்றால் 4.

படி 4: ட்ரிபிளா கம்பைண்டா என்று முடிவெடுங்கள்

சில பள்ளிகள் இந்தக் கேள்வியையே உங்களிடம் கேட்காது, செட் (திறன் வாரியாகப் பிரித்த வகுப்பு) பார்த்துத் தாங்களே போட்டுவிடும். சில பள்ளிகளில் ட்ரிபிளை ஒரு ஆப்ஷனாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்காக வேறொரு பாடத்தை விட வேண்டும். இன்னும் சில பள்ளிகளில் கம்பைண்டுக்கு ஒதுக்கும் அதே நேரத்துக்குள் ட்ரிபிளையும் அடக்கி ஓட்டுவார்கள். ஆகவே முதல் கேள்வி: 'வாரத்துக்கு எத்தனை சயின்ஸ் பாடவேளை? ட்ரிபிளுக்கு அதிகமா?' அதே நேரம்தான் என்றால் மூன்று பாடங்களின் கூடுதல் பகுதியை யாரோ எங்கேயோ அவசரமாக முடிக்கப் போகிறார்கள். பெரும்பாலும் இயர் 11-இல் ஈஸ்டருக்கு முன்னால்.

பிள்ளையின் பக்கம் பார்த்தால், ட்ரிபிள் நன்றாகப் பொருந்துவது மூன்று வகைப் பிள்ளைகளுக்கு. சயின்ஸை விரும்பிப் படிப்பவர்கள் முதல் வகை. ஏ லெவலில் இரண்டு சயின்ஸாவது எடுப்போம் என்று உறுதியாக இருப்பவர்கள் அடுத்தவர்கள், சிறுநீரகமும் தாவர ஹார்மோனும் முன்பே படித்திருந்தால் இயர் 12-இன் முதல் சில மாதங்கள் மூச்சு விட முடியும். மூன்றாவது வகையைப் பலர் யோசிப்பதில்லை: ஒரு சயின்ஸில் மிக வலுவாகவும் இன்னொன்றில் மிகப் பலவீனமாகவும் இருப்பவர்கள். காரணம் டியர் விதி. தனி சயின்ஸில் பாடத்துக்குப் பாடம் டியர் மாற்றலாம். உயிரியல் ஹயர், இயற்பியல் ஃபவுண்டேஷன் என்று பதிவு செய்ய விதியில் இடமிருக்கிறது. கம்பைண்டில் ஆறு தாளும் ஒரே டியரில்தான் எழுத வேண்டும்.

உயிரியலில் கணிதம் குறைவு என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். கணிதத் திறனைச் சோதிக்கும் மதிப்பெண்கள் உயிரியலில் குறைந்தது 10 சதவீதம், வேதியியலில் 20, இயற்பியலில் 30. கணக்கு வராத, ஆனால் வாசிக்கவும் எழுதவும் பிடித்த பிள்ளை உயிரியலில் மட்டும் உயர்ந்து நிற்பது இதனால்தான். அந்தப் பிள்ளையைக் கம்பைண்ட் ஃபவுண்டேஷனில் போட்டால் அதன் கிரேடு 5-5-இல் தட்டி நின்றுவிடும். ட்ரிபிள் கிடைத்தால் உயிரியலில் 7 வாங்கிக்கொண்டு ஏ லெவல் வரை போக முடியும். ஆனால் இதன் விலை, பிடிக்காத இயற்பியலின் கூடுதல் பாடமும் சேர்ந்து வருவது. பள்ளி உண்மையில் டியரைக் கலந்து பதிவு செய்கிறதா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதியில் இருப்பது வேறு, பள்ளி நடத்தும் விதம் வேறு.

மற்ற எல்லோருக்கும் கம்பைண்ட் நல்ல தேர்வு. ஓவியமோ, இசையோ, கணினியோ உண்மையாகப் பிடித்த பிள்ளையிடமிருந்து அந்த ஆப்ஷனைப் பிடுங்கி ட்ரிபிள் போடுவதை நான் எதிர்க்கிறேன். இரண்டு வருடம் அந்தப் பிள்ளை காலையில் பள்ளிக்குப் போகும் முகத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

படி 5: டியரின் கூரையும் தரையும்

ஃபவுண்டேஷனில் கிடைப்பது 1 முதல் 5 வரை. ஹயரில் 4 முதல் 9 வரை. ஹயரில் 4-ஐ மயிரிழையில் தவறவிட்டால் 3 தருவார்கள். அந்த 3-இன் அகலம் மிகக் குறுகியது, அதற்கும் கீழே போனால் யூ, அதாவது கிரேடே இல்லை. கம்பைண்டில் இதே ஏற்பாடு 5-5 முதல் 1-1 வரை, 9-9 முதல் 4-4 வரை என்று வரும். ஹயரில் 4-4-க்குக் கீழே 4-3 என்று ஒரு படி மட்டும் இருக்கும். அதையும் தவறவிட்டால் ஒரே நாளில் இரண்டு ஜிசிஎஸ்இ போய்விடும். கம்பைண்ட் பிள்ளைகளுக்கு டியர் தவறாகப் போடப்பட்டால் அடி இரட்டிப்பாக விழுவது இதனால்.

4-உம் 5-உம் இரண்டு டியரிலும் கிடைக்கும். அப்படியானால் எதில் வாங்குவது சுலபம்? ஃபவுண்டேஷனில் 5 வாங்க மொத்தத்தில் பாதிக்கு நன்றாக மேலே எடுக்க வேண்டும். ஹயரில் 4-க்கு வேண்டியது பாதிக்கும் வெகு கீழே. இதைக் கேட்டதும் 'அப்படியானால் ஹயர்தானே லாபம்' என்று தோன்றும். ஆனால் ஹயர் தாளில் மதிப்பெண் எடுப்பதே கடினம், ஆகவேதான் எல்லை கீழே இருக்கிறது. ஒரே தரத்தில் உள்ள பிள்ளைக்கு இரண்டு வழியிலும் ஏறக்குறைய ஒரே கிரேடு வரும்படிதான் எல்லைகளை அமைக்கிறார்கள். இரண்டு தாளிலும் பொதுவான கேள்விகளை வைப்பதும் அந்த ஒப்பீட்டுக்காகத்தான்.

ஆகவே சராசரிப் பிள்ளைக்கு டியரால் கிரேடு உயராது. மாறுவது ஆபத்தும் எல்லையும்தான்: ஒன்றில் கீழே வலை இருக்கிறது, மேலே கூரை இருக்கிறது. மற்றதில் கூரை இல்லை, வலையும் இல்லை.

படி 6: ஒரே பாடம் இரண்டு தாளிலும் எப்படி வரும் என்று பாருங்கள்

இதைப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது. உருளைக்கிழங்கு செய்முறையை எடுத்துக்கொள்வோம். துண்டுகளைச் சமமாக வெட்டி, எடை பார்த்து, வெவ்வேறு செறிவுள்ள சர்க்கரைக் கரைசல்களில் போட்டு, மறுபடி எடை பார்ப்பது. ஆஸ்மோசிஸ் (செல்லின் சவ்வு வழியே நீர் நகர்வது) பற்றிய கட்டாயச் செய்முறை இது, இரண்டு டியருக்கும் பொது.

ஃபவுண்டேஷன் தாளில் இது எப்படி வரும்? 2.50 கிராம் துண்டு 2.75 கிராம் ஆனது என்று அட்டவணை இருக்கும். எடை மாற்றம் 0.25 என்பதைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பிறகு சூத்திரத்தைக் கொடுத்துச் சதவீதம் கேட்பார்கள், விடை 10. துண்டை எடை பார்க்கும் முன் ஏன் தாளால் ஒற்றி எடுக்க வேண்டும் என்று கேட்டு மூன்று விடைகளில் ஒன்றுக்கு டிக் போடச் சொல்லலாம். நீர் எந்த முறையில் செல்லுக்குள் போனது என்பதற்குப் பெட்டிக்குள் உள்ள சொற்களில் ஒன்றை எடுத்து எழுதச் சொல்லலாம். ஒவ்வொரு படியிலும் கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள்.

ஹயர் தாளில் அதே செய்முறைக்கு ஒரு வரைபடம் வரும். கோடு ஓரிடத்தில் கிடை அச்சை வெட்டும். அந்தக் கரைசலில் எடை ஏன் மாறவில்லை என்று விளக்கச் சொல்வார்கள். கரைசலின் செறிவும் செல்லுக்குள் உள்ள செறிவும் சமம், ஆகவே சவ்வின் வழியே நீரின் நிகர நகர்வு இல்லை என்று பிள்ளை தானாகச் சொல்ல வேண்டும். 'தண்ணீர் போகவும் இல்லை வரவும் இல்லை' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும், ஏனென்றால் நீர் இரண்டு பக்கமும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. 'நிகர' என்ற ஒரு சொல்தான் இங்கே விடை.

இன்னொன்று ஒளிச்சேர்க்கை. விளக்கைத் தள்ளி வைத்து நீர்த்தாவரம் விடும் குமிழ்களை எண்ணும் செய்முறை இரு டியருக்கும் உண்டு. குமிழ்களின் சராசரி எடுத்து வரைபடம் போடுவது ஃபவுண்டேஷனிலும் வரும். விளக்கை 10 செ.மீ-இலிருந்து 20 செ.மீ-க்குத் தள்ளினால் ஒளிச்செறிவு பாதியாகாமல் நான்கில் ஒரு பங்காகிறது என்ற தலைகீழ் இருமடி விதி ஹயருக்கு மட்டும். சர்க்கரை நோய்ப் பகுதியில் இன்சுலினும், டைப் 1, டைப் 2 வேறுபாடும் இருவருக்கும். குளூககான் என்ற ஹார்மோன் இன்சுலினோடு சேர்ந்து சர்க்கரையை எப்படிச் சமன் செய்கிறது என்பது ஹயருக்கு மட்டும். மானோகுளோனல் ஆன்டிபாடி தனி உயிரியல் ஹயரில் மட்டுமே வரும்.

இரண்டு டியரிலும் மதிப்பெண் பங்கீடு ஒன்றுதான் என்பதையும் கவனியுங்கள். அறிந்ததைச் சொல்வதற்கு 40 சதவீதம், பயன்படுத்துவதற்கு 40, அலசி முடிவு சொல்வதற்கு 20. ஃபவுண்டேஷன் என்றால் மனப்பாடம் போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

படி 7: வீட்டில் ஒரு சோதனை

ஏக்யூஏ இணையதளத்தில் பழைய தாள்களும் மதிப்பெண் வழிகாட்டியும் கிரேடு எல்லைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே வருடத்தின் ஃபவுண்டேஷன் தாள் 1, ஹயர் தாள் 1 இரண்டையும் அச்செடுங்கள். மிகச் சமீபத்திய தாளை விட்டுவிடுங்கள், பள்ளி அதை மாக்குக்கு வைத்திருக்கலாம். யாராவது வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தாளைப் பகிர்ந்தால் பிள்ளையிடம் காட்டாதீர்கள். மாக்கில் பொய்யான மதிப்பெண் வந்து, அதை நம்பிப் பள்ளி தவறான டியரில் போடும்.

இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஃபவுண்டேஷனின் கடைசிப் பகுதியில் உள்ள கேள்விகள் ஹயரின் தொடக்கத்தில் அப்படியே இருப்பதைக் காண்பீர்கள். இந்தப் பொதுக் கேள்விகள்தான் 4, 5 தரத்துக்கானவை. டியர் முடிவின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை காலையில், போன் வேறு அறையில் இருக்க, முழு நேரம் வைத்து ஹயர் தாளை எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஃபவுண்டேஷன், அதில் பொதுக் கேள்விகளை விட்டுவிட்டு மற்றவை. திருத்தும்போது வழிகாட்டியில் உள்ள சொல் விடையில் இருக்கிறதா என்று கறாராகப் பாருங்கள். 'என் பிள்ளைக்கு இது தெரியும், சொல்லத்தான் வரவில்லை' என்று மதிப்பெண் கொடுக்காதீர்கள். திருத்துபவருக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது.

மொத்தத்தைப் போட்ட பிறகு, போன மதிப்பெண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். பாடமே தெரியவில்லையா, தெரிந்தும் எழுதும் முறை தெரியவில்லையா, நேரம் போதவில்லையா? இது மொத்தத்தைவிட அதிகம் சொல்லும். இரண்டாவது காரணம் நிறைய வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். விளக்கு என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும், விவரி என்றால் என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும், ஒப்பிடு என்றால் இரண்டு பக்கத்தையும் ஒரே வாக்கியத்தில் கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் சில வாரங்களில் பழக்கிவிடலாம். அந்தப் பிள்ளைக்கு ஹயர் தாங்கும். பாடமே தெரியவில்லை என்பது பொதுக் கேள்விகளிலேயே நிறைய வந்தால் ஹயர் வேண்டாம்.

படி 8: முடிவு

பொதுக் கேள்விகளில் பெரும்பகுதி சரி, அதற்குப் பிறகும் ஆங்காங்கே பிடிக்கிறது என்றால் ஹயர். யோசிக்க வேண்டாம்.

பொதுக் கேள்விகளிலேயே பாதி போகிறது, ஹயர் மொத்தம் அந்த வருடத்தின் 4 எல்லையை ஒட்டியோ கீழேயோ நிற்கிறது, தேர்வுக்கு நான்கு மாதம்கூட இல்லை என்றால் ஃபவுண்டேஷன். அங்கே அந்தப் பிள்ளை 4-ஐ உறுதியாகப் பிடிக்கும், உழைத்தால் 5 வரும்.

கஷ்டம் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். ஹயரில் 4-க்கும் 5-க்கும் இடையே, ஃபவுண்டேஷனில் 5-ஐத் தொட்டுக்கொண்டு. இங்கே நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். படி 3-இல் எழுதிய தாளில் 6 தேவை என்று இருக்கிறதா? இருந்தால் ஹயர், அதற்கான உழைப்போடு. இல்லையென்றால் பிள்ளை ஹயர் தாளை எப்படி எழுதியது என்று பார்ப்பேன். பின்பக்கங்களில் எதையாவது முயன்றிருக்கிறதா, வெறுமையாக விட்டிருக்கிறதா? ஆறு மதிப்பெண் கேள்வியில் ஒன்றிரண்டு சரியான கருத்தாவது எழுதி இரண்டு மதிப்பெண் பறித்துவரும் பிள்ளை ஹயரில் பிழைத்துக்கொள்ளும். கடினமான கேள்வியைக் கண்டதும் பேனாவை வைத்துவிடும் பிள்ளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்திருப்பது கொடுமை. அதே பிள்ளை ஃபவுண்டேஷன் தாளில் முதல் பக்கத்திலேயே விடைகள் வருவதைக் கண்டு நிமிர்ந்து எழுதும். கம்பைண்டில் இந்த நடுநிலைப் பிள்ளைகளுக்கு ஃபவுண்டேஷன் பக்கம் சாய்வதே என் வழக்கம், மேலே சொன்ன இரட்டை அடியின் காரணமாக.

ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ, ஜெர்மனி, பிரான்ஸ், சுவிஸிலிருந்தோ இயர் 9, 10-இல் வந்து சேரும் பிள்ளைக்கு உயிரியல் தெரிந்திருக்கும், ஆங்கிலத்தில் எழுத வராது. முதல் மாக்கில் மோசமாக வரும், பள்ளி ஃபவுண்டேஷன் என்று சொல்லிவிடும். அந்த மாக் தாளை வாங்கிப் பார்த்து, கணக்கு, வரைபடம், டிக் கேள்விகளில் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று தனியாகக் கூட்டுங்கள். அவற்றில் நன்றாக இருந்தால் குறை மொழியில்தான். இயர் 11 தொடக்கம் வரை டியரைத் திறந்து வைக்கும்படி கேளுங்கள். இருமொழி அகராதி உயிரியல் தேர்வில் அனுமதிக்கப்படுகிறது, ஆனால் அதில் பொருள் விளக்கம் இருக்கக் கூடாது, சொல்லுக்குச் சொல் மட்டும். வகுப்பில் வழக்கமாகப் பயன்படுத்தி வந்திருக்கவும் வேண்டும். ஆகவே இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

படி 9: பள்ளியோடு பேசுவது

டியரைப் பதிவு செய்வது பள்ளி. கோடைத் தேர்வுக்கான பதிவுகள் பிப்ரவரி 21 பக்கம் வாரியத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகும் டியரை மாற்ற ஒரு கால அவகாசம் உண்டு, எதுவரை என்று பள்ளியின் எக்ஸாம்ஸ் ஆபீஸரிடம் கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகவே பேச வேண்டிய காலம் மாக் முடிவு வந்த ஜனவரி. மே மாதம் போய் நின்றால் ஒன்றும் நடக்காது.

'ஏன் என் பிள்ளையை ஃபவுண்டேஷனில் போட்டீர்கள்?' என்று தொடங்கினால் ஆசிரியர் தற்காப்புக்குப் போய்விடுவார். வீட்டில் எழுதிய இரண்டு தாளையும் கொண்டுபோய், 'பொதுக் கேள்விகளில் இவ்வளவு எடுத்திருக்கிறாள், ஹயர் மட்டும் வரும் பகுதியில் இவ்வளவு. ஏ லெவலுக்கு 6 தேவை. என்ன செய்தால் ஹயருக்கு ஒத்துக்கொள்வீர்கள்?' என்று கேளுங்கள். அடுத்த யூனிட் டெஸ்டில் ஒரு மதிப்பெண் இலக்கு சொல்வார்கள். அதை எழுத்தில் வாங்குங்கள். அதே நேரத்தில் ஆசிரியர் சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள், அவர் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இந்த எல்லையில் தடுமாறியதைப் பார்த்தவர்.

பிள்ளையையும் அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தாளை எழுதப் போவது அவள்.

பள்ளியில் கம்பைண்ட் எழுதிய பிறகு உயிரியல் மட்டும் தனியாக வேண்டுமென்றால், தனித்தேர்வராக 8461 எழுத முடியும். செய்முறைகளும் எழுத்துத் தாளிலேயே கேட்கப்படுவதால் தனி ஆய்வகத் தேர்வு கிடையாது. மதிப்பெண்ணில் குறைந்தது 15 சதவீதம் அந்தச் செய்முறைகளிலிருந்து வரும், ஆகவே அவற்றைப் பார்த்தாவது படித்திருக்க வேண்டும். மறுதேர்வும் அடுத்த கோடையில்தான். நவம்பரில் ஆங்கில மொழிக்கும் கணிதத்துக்கும் மட்டுமே தேர்வு நடக்கிறது.

பதிவு முடிந்ததும் பள்ளி பிள்ளையின் கையில் ஒரு தேர்வுப் பட்டியலைத் தரும். அதில் பாட எண்ணுக்குப் பின்னால் எஃப் என்றோ ஹெச் என்றோ இருக்கும்: 8461எஃப், 8461ஹெச், 8464எஃப், 8464ஹெச். நீங்கள் ஒத்துக்கொண்ட எழுத்துதானா என்று அன்றைக்கே பாருங்கள். தேர்வறையில் தரும் தாளின் முகப்பிலும் டியர் அச்சிடப்பட்டிருக்கும். பெயர் எழுதும் முன் அதைப் படிக்கவும், தவறாக இருந்தால் உடனே கை தூக்கவும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.